வலையை எதில் அலசுவது?

(பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 5:1-11. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நம் பங்கு மக்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



இன்றைய நற்செய்தியைக் கேட்டதும் நம் மனம் நேராக மீனுக்குப் போய்விடுகிறது. வலை கிழியும் அளவுக்கு மீன், படகு தாழ்ந்துபோகும் அளவுக்கு மீன். படம் வரைகிறவர்களும் அதைத்தான் வரைகிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் லூக்கா அங்கே தொடங்கவில்லை. கெனசரேத்து ஏரிக்கரையில் இரண்டு படகுகள் நிற்கின்றன. மீனவர்கள் இறங்கி வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இரவு முழுக்க உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் காலைப்பொழுதில்தான் இயேசு அவர்களிடம் வருகிறார்.

நகரத்தில் இருக்கும் வானொலி நேயர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் குப்பத்துக்காரர்களுக்குத் தேவையில்லை. அவர்கள் எனக்கே விளக்குவார்கள். மீன் பட்டாலும் படாவிட்டாலும் வலையை அலசித்தான் ஆக வேண்டும். பாசி, சேறு, குப்பை, செத்த நண்டு எல்லாம் சிக்கியிருக்கும். மீன் பட்ட நாளில் அந்த வேலை தெரியாது. கை வேலை செய்துகொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், மனசு காசை எண்ணிக்கொண்டிருக்கும். ஒன்றும் படாத நாளில் அதே வேலை மலை மாதிரி கனக்கும். டீசல் போட்ட காசு போயிற்று, தூக்கம் போயிற்று, இதற்கு மேல் இந்தச் சேற்றை வேறு கழுவ வேண்டுமா என்று வரும். இயேசுவின் காலத்தில் வலைகள் லினன் நூலால் ஆனவை. அலசிக் காயப்போடாவிட்டால் சீக்கிரம் மக்கிப்போகும். பகலில் அந்த நூல் மீன்களின் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால் இரவில்தான் போடுவார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் படகைப் பற்றியும் ஒரு செய்தி. 1986இல் கலிலேயாவில் கடும் வறட்சி. ஏரித் தண்ணீர் வற்றியபோது, கின்னோசார் என்ற ஊருக்கு அருகில் மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றுக்குள் ஒரு பழைய படகைக் கண்டார்கள். ஏறக்குறைய இயேசுவின் காலத்துப் படகு அது. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் இரண்டே கால் மீட்டர் இருக்கும். ஆராய்ந்து பார்த்தபோது அதில் ஏறக்குறைய 12 வகை மரத்துண்டுகள் இருந்தன. அதாவது, ஒரு பலகை உளுத்தால் கையில் கிடைத்த மரத்தை வைத்து ஒட்டுப்போட்டு, திரும்பத் திரும்பச் சரிசெய்து ஓட்டியிருக்கிறார்கள். அது பேதுருவின் படகு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பேதுரு எப்படிப்பட்ட படகில் போயிருப்பார் என்பது அதில் தெரிகிறது. கடன் வாங்கி இன்ஜின் மாற்றுகிற நம் ஆட்களுக்கு அந்தப் படகு புரியும்.

பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றுதான் அழைத்தார்கள். இராயபுரம் என்கிற பெயரே அங்கு படகுத் தொழிலாளர்கள் கட்டி எழுப்பிய புனித இராயப்பர் கோயிலால் வந்தது என்று சொல்வார்கள். ஆகவே வெறும் வலையோடு கரையேறிய இந்த மனிதர் வடசென்னைக்கு அந்நியர் அல்ல.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக நம் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொசஸ்தலை ஆற்றின் வாயில் தண்ணீர் தார் மாதிரி நின்றது. படகுகளின் அடி, வலை, கயிறு, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடிகளின் வேர் எல்லாவற்றிலும் கருப்பு. கூழைக்கடாக்கள் எண்ணெயில் நனைந்து பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2017 ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் வாளியால் எண்ணெய் அள்ளியவர்கள்தான் நம்முடைய ஆட்கள். இந்தத் தடவையும் தொடக்கத்தில் வாளியும் குவளையும்தான்.

டிசம்பர் 10, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. முதல் வாசகம் எசாயா நூலிலிருந்து. இறைவன் தம் மக்களைத் தேற்றச் சொல்லும் பகுதி அது. எனக்கு வசதியாகப் போயிற்று. ஆறுதல் பற்றி நல்ல மறையுரை ஒன்று தயாரித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வாரம் நான் ஆற்றங்கரைக்குச் சரியாகப் போயிருக்கவில்லை. கோயிலுக்குள் வந்த வெள்ளத்தைச் சுத்தம் செய்வது, நிவாரண அரிசி, குடில் வேலை என்று ஓடிக்கொண்டிருந்தேன். மறையுரையில், பொறுமையாக இருங்கள், இரவெல்லாம் ஒன்றும் கிடைக்காத பேதுரு வலையை அலசிவிட்டு மறுபடியும் போட்டாரே, அதுபோல நாமும் நம்பிக்கை இழக்காமல் இருப்போம் என்று பேசினேன்.

திருப்பலி முடிந்ததும் வாசலில் ஒரு பெரியவர் நின்றார். எழுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆற்றில் எறாவும் நண்டும் பிடிக்கிறவர், கடலுக்கு அதிகம் போகாதவர். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"சாமி, நீங்க சொன்னது நல்லாத்தான் இருந்தது. ஆனா வலைய எதுல அலசறது? தண்ணியே எண்ணெயா கீது."

என்னிடம் பதில் இல்லை. குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் இறையியல் படித்தவன் நான். துன்பத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கத் தெரியும். அவருடைய கேள்வி அந்த வகுப்புகளில் வரவில்லை. அன்று மாலை அவரோடு போய்ப் பார்த்தேன். ஒரு வாளியில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் வலையைத் தோய்த்துத் தோய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். கருப்பு போனது, நாற்றம் போகவில்லை. "இதுல மீன் பட்டாலும் எவன் வாங்குவான்?" என்றார். உண்மைதான். எண்ணூர் மீன் என்றாலே அந்த நாட்களில் கூடையைத் தொடாமல் போனவர்கள் உண்டு.

பேதுரு வலையை அலசியபோது ஏரித் தண்ணீர் சுத்தமாக இருந்தது. அவருக்கு அந்த இரவில் மீன் மட்டும்தான் இல்லாமல் போயிற்று. நம் பெரியவருக்கு அலசும் தண்ணீரே இல்லாமல் போயிற்று. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பொறுமையைப் பற்றிப் போதிப்பது தவறு என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. இயற்கையாக வரும் வெறும் வலைக்குப் பொறுமை மருந்து. மனிதர் செய்த கேட்டுக்கு, கேட்க வேண்டியவர்களிடம் போய்க் கேட்பதும் செபத்தோடு சேர்ந்ததுதான். நம் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், மனு எழுதினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. "பாதர், இதெல்லாம் கோயிலுக்கு எதுக்கு?" என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. ஆற்றைச் சுத்தமாகத் தாருங்கள் என்று கேட்பதும் வலையை அலசுகிற வேலையில் ஒரு பகுதிதான் என்று இப்போது சொல்வேன். அப்போது அப்படிச் சொல்ல எனக்குத் துணிவு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

அதே மாதம் 26ஆம் தேதி, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் பேசவில்லை. கண் எரிச்சலோடு ஓடிய தாய்மாருக்கு நான் விளக்க ஒன்றுமில்லை.

நற்செய்திக்குத் திரும்புவோம். இயேசு மக்களுக்குப் போதிக்க ஓர் இடம் தேடுகிறார். சீமோனின் படகைக் கேட்டு ஏறி உட்காருகிறார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். படகு காலியாக இருந்ததால்தான் அவர் உட்கார முடிந்தது. அன்று மீன் நிறையப் பட்டிருந்தால் சீமோனுக்கு நேரம் இருந்திருக்காது. கூடை தேடிக்கொண்டிருப்பார், விலை பேசிக்கொண்டிருப்பார். "சார், அப்புறம் வாங்க" என்று சொல்லியிருப்பார். கையில் ஒன்றுமில்லாத காலையில், யாரோ கேட்டார் என்று காலிப் படகைக் கொடுத்தார். சீமோனுடைய விசுவாசம் அந்தச் சின்ன உதவியில்தான் தொடங்குகிறது. மீன் அப்புறம்தான் வருகிறது.

அடுத்து, ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்கிறார். நினைத்துப் பாருங்கள். தச்சர் ஒருவர் மீனவருக்குச் சொல்கிறார், அதுவும் பகலில், அதுவும் வலையை அலசி முடித்த பிறகு! மறுபடியும் போட்டால் மறுபடியும் அலச வேண்டும். சீமோன் அதைச் சொல்லியும் காட்டுகிறார், இரவு முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று. ஆனாலும் போடுகிறார். லூக்காவின் கிரேக்க மூலத்தில் ஒரு நுட்பம் உண்டு. வலை போடுவதற்கு முன் சீமோன் இயேசுவை அழைக்கும் சொல், மேற்பார்வை செய்யும் தலைவரை அழைக்கும் சொல். நாம் 'ஐயா' என்பதுபோல. மீன் பட்ட பிறகு, அவர் காலில் விழுந்து, நான் பாவி என்று சொல்லும்போது அழைப்பது 'ஆண்டவரே' என்று. ஐயாவிலிருந்து ஆண்டவருக்கு வந்த தூரம்தான் சீமோனின் வளர்ச்சி. அது ஒரு தியானத்திலோ ஒரு மாநாட்டிலோ நடக்கவில்லை. அவர் தினமும் செய்கிற வேலையில், அவருடைய கை பழகிய வலையில் நடந்தது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய ஏட்டில் ஐந்தாம் அதிகாரம் முழுவதையும் இதற்குத்தான் ஒதுக்கியது: குருக்களும் துறவியரும் மட்டுமல்ல, எல்லாரும் அவரவர் வாழ்க்கை நிலையிலேயே தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள்.

இங்கே ஒரு மீன்கார அம்மா கேட்ட கேள்வியையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போனார்கள் என்று நற்செய்தி முடிகிறது அல்லவா? அன்பியக் கூட்டத்தில் அவர் எழுந்து, "அவ்ளோ மீனையும் கரையில போட்டுட்டா போனாங்க? அத யாரு வித்தது?" என்றார். எல்லாரும் சிரித்தோம். லூக்கா சொல்லவில்லை. ஆனால் சீமோனுக்கு மாமியார் இருந்தார், முந்தின அதிகாரத்தில்தான் காய்ச்சல் நீங்கி எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்தார். மாமியார் இருந்தால் மனைவியும் இருந்திருப்பார். அவர்கள்தான் விற்றிருப்பார்கள் என்பது என் எண்ணம். பேதுரு போனார், புனிதரானார். மீனை விற்றுக் கடனை அடைத்து வீட்டை நடத்தியவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர்களுடைய விசுவாசத்தை நான் குறைவாக மதிப்பிடமாட்டேன்.

சரி, எண்ணெய்க்குப் பிறகு நம் பங்கில் என்ன நடந்தது? இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல, உங்களுக்கும் கேட்க எளிதாக இருக்காது. அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். பட்டியல் வந்தது. எண்ணெய் வந்தபோது ஒன்றாக நின்று வாளி பிடித்தவர்கள் பட்டியல் வந்ததும் இரண்டாகப் பிரிந்தார்கள். அவனுக்கு எப்படி வந்தது, எனக்கு ஏன் வரவில்லை, அவன் படகு ஓடாத படகுதானே, இவள் புருஷன் கம்பெனி வேலைக்குத்தானே போகிறான். கோயிலில் சமாதான வாழ்த்து சொல்லும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களை நான் பீடத்திலிருந்து பார்த்தேன். வந்த பணமும் பலருக்குத் தண்டல்காரரிடமும் அடகுக்கடையிலும் போயிற்று. சில வீடுகளில் எங்கே போயிற்று என்று நான் சொல்லத் தேவையில்லை. டாஸ்மாக் வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்ததும் மறைந்துகொண்டார்கள்.

எண்ணெய் நம் வலையைக் கெடுத்தது அடுத்தவர் செய்த தவறு. பட்டியல் நம் மனத்தைக் கெடுத்ததற்கு அடுத்தவரைக் கைகாட்ட முடியாது.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவர் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார். பக்கத்து வீட்டோடு நான்கு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை, சுவர் விஷயம். அவருக்கு நிவாரணம் வந்தது. பக்கத்து வீட்டுக்கு வரவில்லை. குடும்ப அட்டையில் முகவரி பழைய இடத்திலேயே இருந்ததாம். இந்த அம்மாவுக்கு அலுவலகம், மனு எல்லாம் பழக்கம். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "கார்டு எடுத்துக்கினு வா, போலாம்" என்றாராம். மூன்று தடவை கூட்டிக்கொண்டு அலைந்தார். என்னிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. "எப்படிம்மா மனசு வந்தது?" என்று கேட்டேன். "மனசெல்லாம் வரல பாதர். அவ புள்ளைங்க பாவம்" என்றார்.

பணம் வந்ததா என்று கேட்கிறீர்களா? நான் கடைசியாகக் கேட்டபோது வரவில்லை. சுவர்ச் சண்டை தீர்ந்ததா? அதுவும் இல்லை. ஆனால் இப்போது பேசிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். முன்பு பேசாமல் போட்டார்கள்.

மாற்கு நற்செய்தியில் யாக்கோபும் யோவானும் அழைக்கப்படும்போது வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள் என்று வரும். அறுந்த கண்ணியை ஊசியால் கட்டிச் சரிசெய்கிற வேலை. அங்கே வரும் அதே கிரேக்க வினைச்சொல்லைத்தான் தூய பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, தவறிப்போன ஒருவரைக் கனிவோடு சரிப்படுத்துவதற்குப் பயன்படுத்துகிறார். வலை கட்டும் சொல்லும் உறவு கட்டும் சொல்லும் ஒன்று. ஒரு கண்ணி அறுந்தால் முழு வலையையும் தூக்கி எறிவதில்லை. அந்த இடத்தை மட்டும் தேடிப்பிடித்துக் கட்டுகிறோம். கட்டின இடத்தில் முடிச்சு தெரியும், தெரிந்தால் என்ன?

இன்னொரு சொல்லும் உண்டு. மீன் அதிகமானதும் சீமோனும் உடனிருந்தவர்களும் மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளுக்குக் கைகாட்டினார்கள். செபதேயுவின் மக்களைச் சீமோனின் பங்காளிகள் என்று லூக்கா குறிப்பிடும் சொல்லின் வேரிலிருந்துதான், திருத்தூதர் பணிகள் நூலில் தொடக்கத் திருச்சபையின் நட்புறவைக் குறிக்கும் சொல் வருகிறது. தமிழில் நமக்கு இது இன்னும் அழகாக அமைந்திருக்கிறது. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று மீனைப் பிரிக்கிறோமே, அதே சொல்லால்தான் இந்தத் திருச்சபைக் குடும்பத்தையும் 'பங்கு' என்கிறோம். பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் இன்றும் 'பாடு' என்ற முறை வைத்திருக்கிறார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போகாமல் முறை மாற்றி வலை போடுகிற ஏற்பாடு. நம் பெரியவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. ஆனால் அடுத்தவனும் சாப்பிட வேண்டும் என்பதை ஏற்பாடாகவே செய்துவைத்தார்கள்.

மீன் தொழிலில் இல்லாதவர்கள், இந்தப் பாதருக்கு எப்போதும் வலைதானா என்று நினைக்கலாம். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவரும், காண்ட்ராக்ட் கையெழுத்துக்காக ஒவ்வொரு ஆறு மாதமும் காத்திருக்கிறவரும், படுத்த படுக்கையான மாமனாரைக் கழுவித் துடைக்கிற மருமகளும், மூன்றாவது முறையும் தேர்வில் தவறிய பிள்ளையும் இந்தப் பங்கில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இரவெல்லாம் உழைத்து வெறுங்கையாய் வருகிற நாட்கள் உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் வாழ்க்கையில் ஒரு சிறு நிகழ்ச்சி. மடத்தில் துணி துவைக்கும் இடம். எதிரில் இருந்த சகோதரி ஒவ்வொரு தடவையும் அழுக்குத் தண்ணீரைத் தெரேசாவின் முகத்தில் தெறிக்கும்படி துவைப்பார். தெரேசாவுக்கு எரிச்சல் வந்தது. பின்வாங்கி முகத்தைத் துடைத்துக் காட்டலாமா என்று நினைத்தார். அப்படிச் செய்யாமல் அதை ஏற்றுக்கொள்ளப் பழகினார், கொஞ்ச நேரத்தில் அதுவே பிடித்துப்போயிற்றாம். 1897இல் 24 வயதில் இறந்தவர் அவர். நூறு ஆண்டுகள் கழித்து, 1997இல், திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்டார். அந்தச் சோப்புத் தண்ணீரும் அவருடைய இறையியலில் சேர்ந்ததுதான். முகத்தில் தெறிப்பது சோப்புத் தண்ணீராக இருக்கும் வரை இந்த வழி நல்ல வழி. எண்ணெயாகவோ அடியாகவோ இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். குடித்துவிட்டு அடிக்கிற கணவரிடம் சோப்புத் தண்ணீர்க் கதை சொல்லி எந்தப் பெண்ணையும் திருப்பி அனுப்பக் கூடாது. அப்படிச் செய்த குருக்களில் இளம் வயதில் நானும் ஒருவன்.

போன வாரம் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். பழைய வலையை எறிந்துவிட்டார். மருமகன் வாங்கித்தந்த புது வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். எறா முன்போல இல்லை, ஆனால் கொஞ்சம் மடவை படுகிறது என்றார். ஆற்றங்கரையில் கல்லிடுக்கில் கருப்பு இன்னும் அங்கங்கே ஒட்டியிருக்கிறது. உங்கள் கேள்வியை ஞாயிறு மறையுரையில் சொல்லப் போகிறேன், வானொலியிலும் வரும் என்றேன். "எந்தக் கேள்வி?" என்றார். நினைவூட்டினேன். "அதுக்கு இன்னும் பதில் வரல இல்ல?" என்று கேட்டுவிட்டு, வலையின் மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"அந்தாண்ட போய் இழுத்துப் புடி சாமி. அப்படி இல்ல, கீழ, இன்னும் கீழ."